காரில் கைத்துப்பாக்கி: கேள்வியும் பதிலும்

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"அமெரிக்காவில் வேலைவாய்ப்பு பற்றிப் பேசு" என்றுதான் செயலாளர் சொன்னார். அதைப் பேச என்னைவிடத் தகுதியானவர்கள் இந்த அரங்கிலேயே பத்துப் பேர் இருக்கிறார்கள். நேற்று மாலை விடுதி முற்றத்தில் இறுதியாண்டு மாணவர் ஒருவர் கேட்ட கேள்வியையே என் தலைப்பாக எடுத்துக்கொள்கிறேன். "சார், அங்கே கார்ல போறவங்க எல்லாம் துப்பாக்கி வச்சிருப்பாங்களாமே? நாங்களும் ஒண்ணு வாங்கிக்கணுமா?" என்று கேட்டார்.

சிரிக்காதீர்கள். நியாயமான கேள்வி. நம் ஊரில் துப்பாக்கி என்றால் வங்கி வாசலில் நிற்கும் காவலாளி ஞாபகம்தான் வரும். உரிமம் வைத்திருப்பவர்கள்கூட தேர்தல் வந்தால் காவல் நிலையத்தில் கொண்டுபோய் ஒப்படைக்க வேண்டும். அங்கே நிலைமை வேறு. நான் இருபத்தைந்து வருடங்களுக்கு மேலாக டெக்சாஸ் மாநிலத்தில் ஹூஸ்டன் நகரில் இருக்கிறேன். எண்ணெய் வயல் இயந்திரங்களைப் பராமரிக்கும் வேலை. மாதம் ஒரு முறையாவது மிட்லண்ட் வரை ஏறக்குறைய 500 மைல் தனியாகக் கார் ஓட்டிப் போவேன். வழியில் பல மைல்களுக்கு வீடும் இருக்காது, கடையும் இருக்காது, செல்போனில் சிக்னலும் இருக்காது. அந்தச் சாலையில் இரவு பத்து மணிக்கு ஒரு டயர் வெடித்தால் மனதில் என்ன ஓடும் என்பது எனக்குத் தெரியும். ஆகவே துப்பாக்கி வைத்திருப்பவர்களை முரடர்கள் என்று நான் சொல்ல மாட்டேன்.

அவர்கள் பக்கத்து நியாயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். 1991 அக்டோபர் 16 அன்று டெக்சாஸின் கில்லீன் நகரில் ஓர் உணவகத்துக்குள் ஒருவன் பிக்கப் வண்டியை மோதி நுழைத்து, 23 பேரைச் சுட்டுக் கொன்றான். அங்கே பெற்றோருடன் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் சுசானா ஹப் என்ற பெண்மணி. அவரிடம் கைத்துப்பாக்கி இருந்தது. ஆனால் மறைத்து எடுத்துச் செல்வது அன்றைய சட்டப்படி குற்றம். பிடிபட்டால் தொழில் உரிமம் போய்விடும் என்று பயந்து அதைக் காரிலேயே வைத்துவிட்டு வந்திருந்தார். அந்தச் சம்பவத்தில் தாயையும் தந்தையையும் இழந்தார். பிறகு ஊர் ஊராகச் சென்று சாட்சியம் சொன்னார், சட்டமன்ற உறுப்பினரும் ஆனார். 1995இல் டெக்சாஸ் சட்டம் மாறியது. 2007இல் உரிமம் இல்லாதவர்களும் சொந்தக் காரில் மறைத்து வைத்துக்கொள்ள வழி பிறந்தது. 2021 முதல் 21 வயது நிரம்பி, சட்டத் தடை எதுவும் இல்லாதவர்களுக்கு உரிமமே தேவையில்லை. இன்று பாதிக்கு மேற்பட்ட மாநிலங்களில் இதுதான் நிலை.

இதைக் கேட்டுவிட்டு, "அப்போ சுலபம்தானே?" என்று நினைக்க வேண்டாம். கார் ஓடும், மாநில எல்லை வரும். சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

டிரைவிங் லைசென்ஸ் ஒரு மாநிலத்தில் வாங்கினால் ஐம்பதிலும் செல்லும். துப்பாக்கி உரிமம் அப்படியல்ல. 2013இல் பிலடெல்பியாவைச் சேர்ந்த, இரண்டு பிள்ளைகளுக்குத் தாயான ஒரு பெண் நியூ ஜெர்சிக்குள் கார் ஓட்டிப் போனார். சாதாரணப் போக்குவரத்துச் சோதனை. "என்னிடம் துப்பாக்கி இருக்கிறது, உரிமமும் இருக்கிறது" என்று அவரே நேர்மையாகச் சொன்னார். பென்சில்வேனியா உரிமம் நியூ ஜெர்சியில் செல்லாது. உடனே கைது. நாற்பது நாட்களுக்கு மேல் சிறை. குறைந்தது மூன்றரை ஆண்டு தண்டனை என்ற கத்தி தலைக்கு மேல் தொங்கியது. கடைசியில் 2015இல் ஆளுநர் கிறிஸ் கிறிஸ்டி மன்னிப்பு வழங்கிய பிறகுதான் அவருக்கு முழு விடுதலை. இத்தனைக்கும் அவர் துப்பாக்கி வாங்கியதே, முன்பு தன்னிடம் வழிப்பறி நடந்ததால்தான்!

எல்லை தாண்டிப் போகிறவர்களுக்காக 1986இல் ஒரு மத்தியச் சட்டம் வந்தது. புறப்படும் இடத்திலும் போய்ச் சேரும் இடத்திலும் துப்பாக்கி வைத்திருப்பது சட்டப்படி சரியாக இருந்தால், இடையிலுள்ள மாநிலங்களைக் கடந்து போகலாம். ஆனால் துப்பாக்கியில் தோட்டா இருக்கக் கூடாது. துப்பாக்கியும் தோட்டாவும் உட்கார்ந்த இடத்திலிருந்து கைக்கு எட்டக் கூடாது. தனி டிக்கி இல்லாத வண்டி என்றால் பூட்டிய பெட்டிக்குள் இருக்க வேண்டும். டாஷ்போர்டு அறையைப் பூட்டி வைத்தால் போதாது. கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். வழிப்பறிக்காரன் கண்ணாடியைத் தட்டும்போது டிக்கிக்குள் பூட்டிக் கிடக்கும் துப்பாக்கியால் என்ன பயன்?

அடுத்தது போலீஸ்காரர் வண்டியை நிறுத்தும் நேரம். மிச்சிகன் போன்ற சில மாநிலங்களில் துப்பாக்கி இருந்தால் நாமே உடனே சொல்லியாக வேண்டும். வேறு சிலவற்றில் கேட்டால் சொன்னால் போதும். 2016 ஜூலையில் மின்னசோட்டா மாநிலத்தில் பிலாண்டோ காஸ்டில் என்ற 32 வயது பள்ளி உணவக ஊழியர், உரிமம் பெற்றவர், "என்னிடம் துப்பாக்கி இருக்கிறது" என்று மரியாதையாகத்தான் சொன்னார். சில விநாடிகளில் அந்த அதிகாரி அவரைச் சுட்டுவிட்டார். பின் இருக்கையில் நான்கு வயதுக் குழந்தை. அந்த அதிகாரி மறு ஆண்டு வழக்கில் விடுதலையும் ஆனார். நம்மைப் போன்ற நிறமும் பேச்சும் உள்ளவர்கள் இதை மறக்கக் கூடாது.

இனி மாணவர்களுக்கு. இதுவரை சொன்னதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள். எஃப்-1 மாணவர் விசாவிலோ எச்-1பி வேலை விசாவிலோ இருப்பவர் துப்பாக்கி வைத்திருப்பதே மத்தியச் சட்டப்படி குற்றம். தோட்டாவும் அதில் சேரும். வேட்டை உரிமம் போன்ற சில விதிவிலக்குகள் உண்டு. அவை இல்லாவிட்டால் 15 ஆண்டு வரை சிறை, அதற்கு மேல் நாடு கடத்தல். "டெக்சாஸில் உரிமமே தேவையில்லையாமே" என்பது உங்களுக்குப் பொருந்தாது. பச்சை அட்டை கிடைத்தவர்களுக்குத்தான் நிலைமை மாறும்.

ஃபுளோரிடாவில் ஒரு வெளிநாட்டு மாணவர் படிப்பில் தோற்று, பல்கலைக்கழகத்திலிருந்து நீக்கப்பட்ட பிறகும் அங்கேயே தங்கிவிட்டார். ஒரு சுடுபயிற்சிக் கூடத்துக்குப் போய்ச் சுட்டுப் பார்த்தார். வழக்குப் பாய்ந்தது, 18 மாதத் தண்டனை விழுந்தது. தன் குடியேற்ற நிலை அவருக்குத் தெரிந்திருந்தது என்பதையும் அரசு நிரூபிக்க வேண்டும் என்று 2019இல் உச்ச நீதிமன்றம் அந்தத் தண்டனையை ரத்து செய்தது. ரெஹாய்ஃப் வழக்கு என்று சட்டப் புத்தகங்களில் வரும். ஜெயித்தார் என்றாலும் போன வருடங்கள் போனவைதான். "சும்மா ஒரு தடவை சுட்டுப் பார்க்கலாம் வாடா" என்று நண்பன் கூப்பிடும்போது இது ஞாபகம் வரட்டும்.

இன்னொன்று. நியூயார்க், நியூ ஜெர்சி சட்டப்படி, காரில் துப்பாக்கி அகப்பட்டால் அது அந்தக் காரில் இருந்த அனைவரிடமும் இருந்ததாகவே பொதுவாக முதலில் அனுமானிப்பார்கள். ஆகவே நாலு பேர் சேர்ந்து நயாகரா பார்க்கப் போகும் முன், வண்டிக்காரனிடம் கூச்சப்படாமல் கேளுங்கள்: "மச்சான், வண்டியில துப்பாக்கி ஏதும் இருக்கா?" இருக்கிறது என்றால் வீட்டில் வைத்துவிட்டு வரச் சொல்லுங்கள். முடியாது என்றால் பஸ்ஸில் போங்கள்.

"சார், நீங்க வச்சிருக்கீங்களா?" என்றும் நேற்று கேட்டார்கள். குடியுரிமை பெற்ற பிறகு டெக்சாஸ் உரிம வகுப்புக்கு நான் போனேன். 50 தோட்டா சுட வேண்டும். இலக்கு 3, 7, 15 கஜ தூரங்களில் இருக்கும். அது பெரிய கஷ்டமில்லை. அந்த வகுப்பில் சண்டையை வன்முறை இல்லாமல் தீர்ப்பது எப்படி என்றும் ஒரு பாடம் நடத்துகிறார்கள். முழு வகுப்பிலும் எனக்கு அதிகம் உதவியது அதுதான். என் துப்பாக்கி வீட்டில் இரும்புப் பெட்டியில் பூட்டியிருக்கிறது. காரில் ஏறுவதில்லை. சாப்பிட இறங்கினால் வண்டியில் விட வேண்டும், வண்டியில் விட்டால் திருடு போகும். அங்கே திருடர்கள் கார்களில் தேடும் பொருட்களில் அதுவும் ஒன்று. கொலராடோ மாநிலம், ஆளில்லாத காரில் கைத்துப்பாக்கியைப் பூட்டிய பெட்டிக்குள்தான் வைக்க வேண்டும் என்று 2025 முதல் சட்டமே போட்டுவிட்டது. என் பொருள் இன்னொருவன் கையில் போய் யார் உயிரையாவது எடுத்தால் எனக்குத் தூக்கம் வராது. இது என் முடிவு. வேறு முடிவு எடுத்த நண்பர்களும் எனக்கு உண்டு.

துப்பாக்கி இல்லாமல் எப்படிப் பாதுகாப்பாகப் போவது? நான் கடைப்பிடிப்பதைச் சொல்கிறேன். டேங்க் பாதிக்குக் கீழே இறங்க விடமாட்டேன். உட்கார்ந்ததும் கதவைப் பூட்டுவேன். எந்த வழி, எத்தனை மணிக்குச் சேருவேன் என்று வீட்டில் சொல்லிவிடுவேன். இருட்டில் யாராவது பின்னால் லேசாக இடித்தால், சந்தேகமாக இருந்தால், எச்சரிக்கை விளக்கைப் போட்டு 911ஐ அழைத்துச் சொல்லிவிட்டு, வெளிச்சமும் ஆளும் உள்ள பெட்ரோல் நிலையத்தில்தான் நிற்பேன். எவனாவது ஹாரன் அடித்துக் கெட்ட விரலைக் காட்டினால் வழிவிட்டுவிடுவேன், அவன் கண்ணைக்கூடப் பார்க்க மாட்டேன். பர்ஸைக் கேட்டால் கொடுத்துவிடலாம், அது திரும்பக் கிடைக்கும். போலீஸ் நிறுத்தினால் இரண்டு கையும் ஸ்டியரிங் மேல் இருக்கட்டும், இரவானால் உள்விளக்கைப் போடுங்கள், சொல்லாமல் இறங்காதீர்கள், சொல்லாமல் எதையும் எடுக்காதீர்கள்.

தம்பி தங்கைகளே, உங்களை அனுப்பிவிட்டு இங்கே இரண்டு பேர் தொலைபேசியைப் பார்த்தபடி காத்திருப்பார்கள். ஊர் போய்ச் சேர்ந்ததும் அவர்களுக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். ஹூஸ்டன் பக்கம் வருகிறவர்களுக்கு என் வீட்டில் எப்போதும் சாப்பாடு உண்டு. முகவரி சங்கச் செயலாளரிடம் இருக்கிறது.