60 நிமிடத்துக்கு ஒருமுறை



சிறை அறைக்குள் இருப்பவரை எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை போய்ப் பார்க்க வேண்டும்? அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் இதற்கு விதி இருக்கிறது. கவுண்டி (மாவட்டம் போன்றது) சிறைகளில் 60 நிமிடத்துக்கு ஒருமுறையாவது காவலர் கைதியை நேருக்கு நேர் பார்க்க வேண்டும். தற்கொலை செய்துகொள்ளக்கூடும் என்று தெரிந்தவராக இருந்தால் 30 நிமிடத்துக்கு ஒருமுறை. பார்த்த நேரத்தைப் பதிவேட்டில் எழுத வேண்டும். இப்படிப்பட்ட தரங்களை வகுக்கவும் சோதிக்கவும் 1975இல் தனி ஆணையமே அமைத்தார்கள்.

2015 ஜூலை 10ஆம் தேதி, கார் ஓட்டி வந்த சான்ட்ரா பிளாண்ட் என்ற 28 வயதுப் பெண்ணை, தடம் மாறும்போது சிக்னல் போடவில்லை என்று போலீஸ் நிறுத்தியது. வாக்குவாதம் முற்றிக் கைதில் முடிந்தது. வாலர் கவுண்டி சிறையில் அடைத்தார்கள். ஜாமீனில் வர வேண்டுமானால் சுமார் 500 டாலர் கட்ட வேண்டும். பணம் புரளவில்லை. மூன்று நாள் கழித்து, ஜூலை 13 காலை, அறைக்குள் இறந்து கிடந்தார். தற்கொலை என்றது பிரேதப் பரிசோதனை. குடும்பத்தார் அதை எளிதில் ஏற்கவில்லை.

ஆனால் ஒன்று எழுத்திலேயே இருந்தது. முன்பு தற்கொலைக்கு முயன்றதாக அவர் சொன்னதைச் சிறையில் சேர்க்கும்போதே படிவத்தில் குறித்திருந்தார்கள். குறித்ததோடு சரி! தனிக் கண்காணிப்பில் அவரை வைக்கவில்லை. சில நாட்களில் வந்து பார்த்த ஆணையம், மணிக்கொருமுறை பார்க்கும் விதி மீறப்பட்டது, ஊழியர்களுக்கு மனநலப் பயிற்சியும் குறைவு என்று எழுதியது. அறையைப் பார்த்ததாகப் பதிவேட்டில் பொய்யாக எழுதியதைக் காவலர் ஒருவர் ஒப்புக்கொண்டார் என்று பிறகு குடும்பத்தின் வழக்கறிஞர் சொன்னார்.

அதன்பின் வந்த மாற்றங்கள்தாம் எனக்கு முக்கியமாகப் படுகின்றன. சேர்க்கைப் படிவத்தை ஆணையம் மாற்றியது. கைதி ‘ஆம்’ என்றால் உடனே யாருக்குச் சொல்ல வேண்டும் என்பது படிவத்திலேயே வந்துவிட்டது. 2017இல் சான்ட்ரா பிளாண்ட் பெயரிலேயே வந்த சட்டம், ஆபத்தில் உள்ள கைதிகளின் அறைகளுக்குக் காவலர் நேரில் போனாரா என்பதை மின்னணுக் கருவி பதிவு செய்ய வேண்டும் என்றது. பேனாவை நம்பியது போதும் என்று முடிவுகட்டிவிட்டார்கள்.

இதுவரை சொன்னது அரசு கட்டாயப்படுத்தும் தரம். விருப்பத் தரச்சான்று என்று இன்னொன்றும் அங்கே உண்டு. 1979இல் காவல் துறையினரின் நான்கு சங்கங்கள் சேர்ந்து அதற்கென ஓர் ஆணையம் தொடங்கின. விரும்பும் காவல் துறை கட்டணம் கட்டிச் சேரலாம். எப்போது பலத்தைப் பிரயோகிக்கலாம், பறிமுதல் பொருளை எப்படிக் காப்பது என்று எல்லாவற்றுக்கும் எழுத்து விதி கேட்பார்கள். பல சிற்றூர்த் துறைகளுக்கு அதுவே பெரிய முன்னேற்றம், மறுக்கவில்லை. சிறைகளுக்குச் சான்று தரும் பழைய சங்கமும் இருக்கிறது. 2020 டிசம்பரில் செனட்டர் எலிசபெத் வாரன் வெளியிட்ட அறிக்கை அந்தச் சங்கத்தைக் கடுமையாகச் சாடியது. சான்று வாங்கும் சிறைகளே பணம் தருகின்றன, சோதனைத் தேதியும் முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது என்பது அதன் குற்றச்சாட்டு. பள்ளிக்கூடத்துக்கு இன்ஸ்பெக்டர் வரும் நாளில் தாழ்வாரம் எப்படிப் பளபளக்கும் என்று நமக்குத் தெரியாதா?

அதற்காக டெக்சாஸ் ஆணையத்தைக் கோயில் கட்டிக் கும்பிடவும் வேண்டாம். இருநூறுக்கு மேற்பட்ட சிறைகளுக்கு அதன் ஆய்வாளர்கள் விரல்விட்டு எண்ணும் அளவில்தான் இருந்தார்கள். ஆனாலும் அது குறை என்று எழுதினால், சரிசெய்தாக வேண்டிய கட்டாயம் அந்தச் சிறைக்கு உண்டு.