மங்கிய கோள்களைக் காணும் வழி



நம் சூரியனைப் போலவே பிற விண்மீன்களையும் கோள்கள் சுற்றி வருகின்றன. அவற்றைப் புறக்கோள்கள் என்பர். ஆயிரக்கணக்கில் அறியப்பட்டுள்ள அவற்றுள் நேரே படம் பிடிக்கப்பட்டவை மிகச் சிலவே. காரணம் யாது? வியாழன் போன்ற பெருங்கோளே சூரிய ஒளியில் ஏறத்தாழ நூறு கோடியில் ஒரு பங்கைத்தான் திருப்பி அனுப்புகிறது. பெட்ரோமாக்ஸ் விளக்கின் அருகே ஊதுவத்தியின் கனலைத் தேடுவது போன்ற செயல் இது.

இன்னோர் இடரும் உண்டு. காற்றின் அலைவாலும் ஆடிகளின் நுண்ணிய குறைகளாலும் விண்மீனின் ஒளி சிதறிப் பல போலிப் புள்ளிகளாகத் தோன்றும். அவற்றுள் கோள் எது, போலி எது?

இங்கே புவியின் சுழற்சியே துணை செய்கிறது. தொலைநோக்கியின் அமைப்பைத் திருப்பாமல் நிறுத்திப் படங்களைத் தொடர்ந்து எடுத்தால், கோள் விண்மீனைச் சுற்றி மெல்ல இடம் மாறும். கருவியால் உண்டான போலிகளோ பெரும்பாலும் இருந்த இடத்திலேயே இருக்கும். மாறாதவற்றைக் கழித்து, படங்களை நேராகத் திருப்பிக் கூட்டினால், கோள் துலங்கும். நூறு படங்களைக் கூட்டினால் கோளின் ஒளி நூறு மடங்காகும்; ஒழுங்கற்ற இரைச்சலோ பத்து மடங்கே ஆகும். ஆகவே தெளிவு பத்து மடங்கு உயரும்.

இம்முறையைக் கையாண்டே, கிறிஸ்டியன் மருவா குழுவினர், ஹவாய்த் தீவின் கெக், ஜெமினி தொலைநோக்கிகளால், ஏறத்தாழ 130 ஒளியாண்டுத் தொலைவிலுள்ள எச்.ஆர். 8799 என்னும் விண்மீனின் மூன்று கோள்களைக் கண்டு 2008இல் அறிவித்தனர். நான்காவது 2010இல் வெளிப்பட்டது.

மாதக்கணக்கில் இடைவெளி விட்டு எடுத்த படங்களை அவ்வாறே கூட்ட இயலாது. அதற்குள் கோள் தன் பாதையில் நகர்ந்திருக்கும். எனவே பிரெஞ்சு வானியலார் கே-ஸ்டாக்கர் என்னும் கணிப்பொறி முறையை வகுத்தனர். கெப்ளர் விதிகளுக்கு இணங்கிய பாதைகள் பலவற்றைக் கருதி, ஒவ்வொரு பாதையின்படியும் படங்களை நகர்த்திக் கூட்டிப் பார்ப்பது இம்முறை. சரியான பாதையில் மட்டுமே மங்கிய புள்ளி ஒளிரும். எனினும் எண்ணற்ற பாதைகளைச் சோதிக்கும்போது தற்செயலாகவும் ஒரு புள்ளி ஒளிரக்கூடும். அதனால் மறுபடி நோக்கி உறுதி செய்யாமல் எதனையும் கோள் என்று கொள்ளலாகாது.

மாணவர்களே, இதனையும் கேளுங்கள். ஹப்பிள் தொலைநோக்கி 1998இலேயே அந்த எச்.ஆர். 8799ஐப் படம் எடுத்திருந்தது. அப்போது கோள் எதுவும் புலப்படவில்லை. ஆயினும் அப்படங்கள் பாதுகாக்கப்பட்டன. பிற விண்மீன்களின் படங்களோடு ஒப்பிட்டு விண்மீனின் ஒளியை நீக்கும் புதிய கணக்கினால், 2009இல் ஒரு கோளும் 2011இல் மேலும் இரண்டும் அதே படங்களில் வெளிப்பட்டன. கோள்கள் அன்றே அங்கே இருந்தன. காணும் வழிதான் பின்னர் வந்தது.

ஆகவே, ஒருமுறை நோக்கி 'ஒன்றுமில்லை' எனத் தீர்ப்புக் கூறுதல் வானத்திற்கும் பொருந்தாது, வகுப்பறைக்கும் பொருந்தாது. ஒருமுறை தோன்றியதை அப்படியே நம்பிவிடுதலும் முறையன்று. பொறுமையாகக் குறித்து வைப்போம், குறித்தவற்றைச் சேர்த்துப் பார்ப்போம், மீண்டும் சோதிப்போம். அறிவியல் நமக்குக் கற்பிக்கும் ஒழுக்கம் இதுவே.