இருந்த இடத்திலிருந்து ஒரு தொழில்



தலைநகராகிய டில்லிக்குத் தமிழர் இரு வழிகளாக வந்து சேர்ந்தனர். ஒரு சாரார் தட்டெழுத்தும் சுருக்கெழுத்தும் கற்றுத் தேறி, மத்திய சர்க்கார் காரியாலயங்களில் குமாஸ்தாக்களாகவும் ஸ்டெனோகிராபர்களாகவும் அமர்ந்து, கரோல்பாகிலும் ராமகிருஷ்ணபுரத்திலும் குடியேறினர். மற்றொரு சாரார் விழுப்புரம் முதலிய மாவட்டங்களிலிருந்து, உடலுழைப்பை மட்டுமே முதலாகக் கொண்டு ரயிலேறி வந்து, ஜங்புராவை அடுத்துப் பாராபுல்லா வடிகாலின் கரையில் குடிசை அமைத்தனர். அந்தக் குடியிருப்புக்கே மதராசி கேம்ப் என்று பெயர் வழங்கிற்று. அரை நூற்றாண்டுக்கு மேலாக அங்குத் தமிழ் ஒலித்தது.

அந்தக் கேம்ப் இன்று இல்லை. டில்லி உயர் நீதிமன்றம் 2025 மே 9-ஆம் நாள் பிறப்பித்த ஆணையின்படி, அவ்வாண்டு ஜூன் 1-ஆம் நாள் அது அகற்றப்பட்டது. அங்கிருந்த குடும்பங்கள் 370. மாற்று வீட்டுக்குத் தகுதியுடையவை என்று கணக்கிடப்பட்டவை 189. அவர்களுக்கு ஒதுக்கப்பட்ட வீடுகள் வடகோடியிலுள்ள நரேலாவில், ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில் உள்ளன. ஏனையோர் தத்தம் வழியைத் தாமே பார்த்துக்கொள்ள வேண்டியவராயினர்.

இவ்விடத்து நாம் எண்ணிப் பார்க்க வேண்டியது ஒன்றுண்டு. கேம்ப்பில் வாழ்ந்த பெண்டிர் பலர் சுற்றுப்புறத்து வீடுகளில் சமையலும் துப்புரவும் செய்து பிழைத்தவர்கள். கால்நடையாகச் சென்று திரும்பும் தொலைவே அவர்களுடைய தொழிலுக்கு முதல். வீடு இடம் மாறியவுடன் அந்த முதல் கரைந்துவிட்டது. முப்பது ஆண்டு அடுப்படியில் உழைத்த ஒரு தாயாரிடம் சென்று, ‘அம்மா, இனிக் கணிப்பொறி கற்றுக்கொள்ளுங்கள்’ என்று சொல்வது அறிவுடைமை ஆகாது. இழந்த வீட்டுக்கும் வேலைக்கும் எந்தப் பயிற்சியும் ஈடு ஆகாது. ஆயினும், பள்ளியிறுதி வரை படித்த அவருடைய மகள், வீடு எங்கே மாறினாலும் தன்னோடு கொண்டு செல்லத்தக்க ஒரு தொழிலைக் கைக்கொள்ளக் கூடுமா என்று கேட்பது நியாயமே. அத்தகைய தொழில் ஒன்றைப் பற்றியே இன்று பேசுகிறோம்.

ஆங்கிலத்தில் ‘வெர்ச்சுவல் அசிஸ்டென்ட்’ என்று அழைக்கப்படும் பணியைத் தொலைவுக் காரியதரிசிப் பணி எனலாம். ஒரு வைத்தியரோ, வக்கீலோ, சிறு வியாபாரியோ முழுநேரக் காரியதரிசி ஒருவரை அமர்த்த வசதியற்றவராக இருப்பார். அவருக்கு வரும் கடிதங்களுக்கு விடை எழுதுதல், சந்திப்புகளுக்கு நாளும் நேரமும் குறித்தல், ரசீதுகளை வரிசைப்படுத்துதல், பாக்கித்தொகையை நினைவூட்டுதல் ஆகிய காரியங்களை வேறோர் ஊரிலிருந்தபடியே இணையத்தின் வாயிலாகச் செய்து கொடுப்பதே இத்தொழில். ஒருவரே நான்கைந்து வாடிக்கையாளருக்குப் பகுதி நேரம் உழைக்கலாம். ஆகவே இதனைச் சம்பள உத்தியோகம் என்பதினும் சிறு வணிகம் என்பதே பொருந்தும்.

இது நமக்குப் புதிதன்று. சென்னையில் 1928-இல் டி. டி. கிருஷ்ணமாச்சாரி தோற்றுவித்த டி.டி.கே. குழுமத்தைச் சார்ந்த சேவை நிறுவனம் ஒன்று, பெங்களூரிலிருந்து ‘யுவர் மேன் இன் இந்தியா’ என்னும் பெயரில், அயல்நாட்டிலுள்ளோருக்காக இங்குள்ள சில்லறைக் காரியங்களைச் செய்து கொடுத்தது. அதிலிருந்து பிறந்ததே ‘கெட்ஃப்ரைடே’ என்னும் தொலைவுக் காரியதரிசிச் சேவை. அமெரிக்க எழுத்தாளர் ஏ. ஜே. ஜேக்கப்ஸ் தம் அன்றாட அலுவல்களைப் பெங்களூர் உதவியாளர்களிடம் ஒப்படைத்த அனுபவத்தை 2005-இல் எஸ்குவயர் இதழில் எழுதியபின் உலகின் கவனம் இதன்பால் திரும்பிற்று. அதனை அடுத்த ஆண்டுகளில், சலோனி மல்கோத்ரா என்னும் பெண்மணி, சென்னை ஐ.ஐ.டி.யின் துணையோடு ‘தேசிக்ரூ’ என்னும் நிறுவனத்தை அமைத்து, திருவாரூர் மாவட்டத்துக் கொல்லுமாங்குடி போன்ற சிற்றூர்களுக்கே காரியாலய வேலையைக் கொண்டு சென்றார். வேலையைத் தேடி ஆள் போவதற்குப் பதிலாக, ஆள் இருக்குமிடத்துக்கு வேலை வரக்கூடும் என்பதை இவை மெய்ப்பித்தன.

இனி, இத்தொழிலுக்கு வேண்டிய பயிற்சி யாது? முதலாவது, விரல்களின் பழக்கம். தமிழ்நாட்டின் ஊர்தோறும் இருந்த தட்டெழுத்துப் பயிலகங்களில் லோயர், ஹையர் என்று தேறியவர்களே டில்லி காரியாலயங்களில் இடம் பிடித்தனர். இன்றும் மத்திய பணியாளர் தேர்வாணையம் நடத்தும் ஸ்டெனோகிராபர் தேர்வில், கீழ்நிலையாகிய ‘டி’ பிரிவுக்கு நிமிஷத்துக்கு 80 சொற்கள் வீதம் பத்து நிமிஷம் சொல்லக் கேட்டு எழுத வேண்டும். அதன் ஆங்கிலப் படியெடுப்புக்கு 50 நிமிஷம் தரப்படுகிறது. விரைவினும் பிழையின்மையையே அத்தேர்வு பெரிதும் சோதிக்கிறது. தொலைவுக் காரியதரிசிக்கும் அதுவே உயிர்நாடி. ஆங்கில விசைப்பலகையோடு, 1999-இல் தமிழ்நாட்டரசு ஏற்ற ‘தமிழ் 99’ விசைப்பலகையும் கைவந்தால், பிறர் செய்ய இயலாத வேலை தேடி வரும். தொழிற்பயிற்சி நிலையங்களில் ‘கோபா’ என்னும் ஓராண்டுக் கணிப்பொறிப் படிப்பு இருக்கிறது. கணக்கு அட்டவணை, கடித வரைவு ஆகியவற்றின் அடிப்படையை அங்கே பெறலாம்.

இரண்டாவது, காகிதங்களைக் காக்கும் ஒழுங்கு. இதன் அருமையை மதராசி கேம்ப் மக்களைவிட அறிந்தவர் யார்? டில்லியின் 2015-ஆம் ஆண்டுக் குடிசை மாற்றுக் கொள்கைப்படி, அவ்வாண்டு ஜனவரி 1-ஆம் தேதிக்கு முன்பே அங்குக் குடியிருந்தமையை வாக்காளர் பட்டியலும் பிற ஆவணங்களும் காட்ட வேண்டும். வீடு கிடைப்பதும் கிடையாததும் ஒரு பெயர் ஒரு பட்டியலில் இருப்பதைப் பொறுத்தது. வீடு பெறாதவர்கள் கவனக் குறைவால் இழந்தனர் என்று நாம் கூற வரவில்லை. தினக்கூலிக்கு ஓடுபவரிடம் பத்தாண்டுக் காகிதத்தைக் கேட்பது எளிதன்று. ஒரு தாளில் தந்தை பெயரின் முதலெழுத்தும், மற்றொன்றில் முழுப்பெயரும், வேறொன்றில் ஹிந்தி எழுத்துக்கூட்டலுமாக நம் தமிழ்ப் பெயர்கள் படும் பாட்டை மொழிபெயர்ப்பு மேஜையில் அமர்ந்திருக்கும் நாம் நன்கறிவோம். இத்தகைய குடியிருப்புகளில், அண்டை அயலாருக்கு விண்ணப்பம் பூர்த்தி செய்து, பாங்குக் கடிதம் படித்துச் சொல்லும் பெண் பிள்ளை ஒருத்தி சந்துதோறும் இருப்பாள். அவள் செய்து வருவது காரியதரிசி வேலையே. அதற்குப் பெயரும் கூலியும் இல்லை என்பதே குறை.

இயந்திரமே இப்போது எழுதுகிறதே, மொழிபெயர்க்கிறதே, இத்தொழில் நிலைக்குமா என்று சிலர் ஐயுறுவர். நியாயமான ஐயமே. வெறுமனே நகல் எடுக்கும் வேலை குறையத்தான் செய்யும். ஆனால் ‘நாளை மறுநாள்’ என்பது ‘நாளை’ என்று மாறிவிட்டால், வழக்கின் வாய்தா தவறிவிடும். இயந்திரம் தந்ததைப் படித்துப் பார்த்து, ‘இது சரி, இதற்கு நான் பொறுப்பு’ என்று சொல்லும் ஆளுக்குத் தேவை குறையாது. ஆகவே, இயந்திரத்தைக் கையாளவும் அதன் பிழையைக் கண்டுபிடிக்கவும் சேர்த்தே பயில வேண்டும்.

மூன்றாவது, நா காத்தல். வாடிக்கையாளரின் கணக்கும் நோயாளியின் விவரமும் நம் கைக்கு வருகின்றன. தனிநபர் தரவுகளைக் காக்க 2023-இல் நாட்டில் சட்டமே இயற்றப்பட்டுள்ளது. ஒருவர் காரியத்தை மற்றொருவரிடம் பேசாமையே இத்தொழிலின் முதற்சிறப்பு.

பயிற்சி முடிந்தால் வேலை தானே வந்துவிடுமா? வராது. பயிற்சி பாதி, அறிமுகம் மறுபாதி. முன்னாளில் டில்லிக்கு வந்தவர், தமக்கு முன் வந்த உறவினர் அறையில் தங்கி, அவர் சொல்லித்தான் காலியிடங்களை அறிந்தார். அந்த அறிமுகச் சங்கிலியே இன்றும் வேண்டப்படுவது. ‘நான் எந்த வேலையும் செய்வேன்’ என்பவரைப் பிறர் நினைவில் வைப்பதில்லை. ‘வக்கீல்களுக்குத் தமிழ் ஆவணங்களை ஆங்கிலத்தில் தட்டெழுதித் தருவேன்’ என்பவரை நினைவில் வைப்பர். அகல உழுவதை விட ஆழ உழுவது நன்று.

டில்லித் தமிழருக்கு மும்மொழி அறிவு ஒரு சீதனம். உச்ச நீதிமன்றத்தில் தாக்கல் செய்யும் பிறமொழி ஆவணங்களுக்கு ஆங்கில மொழிபெயர்ப்பு இணைக்க வேண்டும் என்பது விதி. தமிழ்நாட்டு வழக்குகளை நடத்தும் வக்கீல்களுக்கு இது இடையறாத தேவை. திருப்பூர்ப் பனியன் வியாபாரிக்கும் சிவகாசி அச்சகத்தாருக்கும் வடநாட்டு வாடிக்கையாளருடன் ஹிந்தியில் பேசி, விலையும் தவணையும் எழுதி வாங்க ஆள் வேண்டும். சிங்கப்பூரில் காலை ஒன்பது மணியாகும்போது நமக்கு ஆறரை மணி. அங்குள்ள தமிழ் வணிகருக்கு இரண்டு மணி நேரம் உழைத்துவிட்டு, உள்ளூர் வேலையைத் தொடங்கலாம். நல்ல வேலை ஒன்றை முடித்துக் கொடுத்தபின், ‘தங்களுக்குத் தெரிந்தவர் ஒருவருக்கு என்னைப் பற்றிச் சொல்லுங்கள்’ என்று பணிவுடன் கேட்பதில் தவறில்லை. முதல் வாடிக்கையாளரே இரண்டாமவருக்கு வாசல்.

கூலியை நிர்ணயிப்பதில் பலர் இடறுகின்றனர். ஓர் உதாரணம் காண்போம். மாதம் 20,000 ரூபாய் கைக்கு வேண்டும். மின்சாரம், இணையம், கருவித் தேய்மானம் ஆகியவற்றுக்கு 4,000 ரூபாய் ஆகும் என்று கொள்வோம். மொத்தம் 24,000. ஆள் தேடும் நேரமும் கற்கும் நேரமும் போக, கூலி பெறத்தக்கது மாதம் 120 மணி என்றால், மணிக்கு 200 ரூபாய்க்குக் குறைந்தால் நஷ்டமே. இக்கணக்கைத் தம் நிலைக்கேற்ப ஒவ்வொருவரும் போட்டுப் பார்த்துக்கொள்க.

ஒருவருக்கு வேலை மிகுந்தபோது தொழில் வளர்கிறது. அப்போது மறுத்துவிடாமல், பயிற்சி பெற்ற தோழியர் மூவரைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஒருவர் எழுதியதை மற்றொருவர் படித்துப் பார்த்த பின்னரே அனுப்புவது என்னும் ஒரே விதியைக் கைக்கொண்டால், குழுவின் பெயர் நிலைக்கும். ‘உத்யம்’ என்னும் சிறுதொழில் பதிவு கட்டணமின்றிச் செய்யப்படுகிறது. வேலை தருவதாகக் கூறி முன்பணம் கேட்பவரை அண்டவிடாதீர்கள். இணையத்தில் பணம் பறிபோனால் 1930 என்னும் எண்ணுக்கு உடனே தெரிவிக்க வேண்டும்.

நிறைவாக, நம் போன்றோருக்கும் ஒரு கடமை உண்டு. தொடக்கத்தில் சொன்ன இரு சாராரும் ஒரே நகரில் வாழ்ந்தும், கோயில் திருவிழாவில் அன்றிச் சந்திப்பது அரிது. டில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளிகளில் இரு சாரார் பிள்ளைகளும் சேர்ந்து படித்திருக்கின்றனர். பள்ளி முடிந்ததும் வழி பிரிந்துவிடுகிறது. அலுவலகத் தமிழரின் பிள்ளைக்கு வக்கீலையும் ஆடிட்டரையும் அறிந்த மாமா இருக்கிறார். கேம்ப்பிலிருந்து நரேலாவுக்குச் சென்ற பிள்ளைக்கு அத்தகைய மாமா இல்லை. விரல் வேகமும் புத்திக் கூர்மையும் இருவருக்கும் ஒன்றே. குறைவது அறிமுகம் ஒன்றுதான்.

சர்க்கார் ஊழியர் தனித்தொழில் நடத்தலாகாது என்பது 1964-ஆம் ஆண்டு நடத்தை விதி. ஆனால் ஊதியமின்றிச் சமூகத் தொண்டு செய்வதற்கு அவ்விதியே இடந்தருகிறது. ஓய்வு பெற்ற ஸ்டெனோகிராபர்களுக்கோ அத்தடையும் இல்லை. 1946-இல் தோன்றிய டில்லித் தமிழ்ச் சங்கம் போன்ற மன்றங்களில் ஞாயிறுதோறும் இரண்டு மணி நேரம் கற்பித்து, தேறியவரைத் தமக்குத் தெரிந்த ஒரு வக்கீலிடமோ வணிகரிடமோ கடிதம் கொடுத்து அனுப்பினால் போதும். பம்பாயிலும் அகமதாபாத்திலும் கல்கத்தாவிலும் உள்ள தமிழ் மன்றங்களுக்கும் இது பொருந்தும். நாம் இந்நகரில் கால் ஊன்றியது, யாரோ ஒருவர் நமக்காக ஒரு வார்த்தை சொன்னதால்தான். அந்த ஒரு வார்த்தையை இனி நரேலாவிலிருக்கும் பிள்ளைக்காகச் சொல்வோமாக.