எங்கும் இல்லாத பொருள்கள்

தாம்பரம் ரயில் நிலையத்தில் நடைமேடை எண் எழுதிய பலகையைக் கழற்றிவிட்டாலும், அதில் இருந்த ஐந்து என்னும் எண் அழிந்துவிடுவதில்லை. இடமும் காலமும் எடையும் இல்லாத இத்தகையவற்றை மெய்யியலார் அருவப் பொருள்கள் என்கின்றனர். இவை மனிதர் ஆக்கியவையா, முன்பே இருந்து கண்டெடுக்கப்பட்டவையா என்ற வினா பிளேட்டோ காலம் தொட்டு நிலவுகிறது.

அவை கண்டெடுக்கப்பட்டவை என்பதற்கு ஒரு வலிய சான்று, தாம்பரத்துக்குத் தெற்கே செங்கல்பட்டில் வளர்ந்த கணிதவியலார் சி. எஸ். சேஷாத்ரியின் ஆய்வில் கிடைக்கிறது. 1932இல் பிறந்த அவரும் அதே ஆண்டில் பிறந்த எம். எஸ். நரசிம்மனும், சென்னை லயோலா கல்லூரியில் பிரெஞ்சு நாட்டு இயேசு சபைத் துறவி சார்லஸ் ரசீனிடம் பயின்று, பம்பாயின் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் பணியாற்றி, 1965இல் தம் இருவர் பெயராலும் வழங்கும் தேற்றத்தை வெளியிட்டனர்.

உளுந்து வடையின் மேற்பரப்பைப் போன்ற, ஆனால் இரண்டோ மேலும் பலவோ துளைகளுடைய ஒரு பரப்பின் புள்ளிதோறும் ஒரு வெக்டர் வெளியை, அதாவது திசையும் அளவும் உடையவற்றைத் தமக்குள் கூட்டவும் எண்களால் பெருக்கவும் இயலும் அமைப்பை, இயற்கணித விதிப்படி இழைத்துச் சென்றால் கிடைப்பது வெக்டர் கற்றை. அதனுள் அடங்கிய எந்தச் சிறு கற்றையின் சராசரி முறுக்கும் முழுக் கற்றையின் சராசரி முறுக்கைவிடக் குறைவாகவே இருந்தால் அது நிலைப்புடையது எனப்படும். இனி, துளைகளைச் சுற்றிப் புறப்பட்ட இடத்துக்கே மீளும் பாதை ஒவ்வொன்றுக்கும், நீளத்தை மாற்றாத ஒரு சுழற்சியை இசைவாகப் பொருத்தும் முறைகள் உண்டு. முன்னது இயற்கணிதத்தைச் சார்ந்தது, பின்னது பரப்பின் துளை அமைப்பை மட்டுமே சார்ந்தது. ஆயினும், மொத்த முறுக்கு சுழியாக உள்ள நிலைப்புடைய கற்றைகளும், மேலும் பகுக்க இயலாத சுழற்சி முறைகளும் ஒன்றுக்கு ஒன்று பொருந்துகின்றன என்பதே அத்தேற்றம். 1983இல் ஆங்கிலேயர் சைமன் டொனால்ட்சன், முற்றிலும் வேறான வகையீட்டு வடிவியல் வழியே சென்று அதே முடிவை அடைந்தார்.

விதிகளை வகுத்தவர் மனிதரே, விடை அவ்விதிகளின் விளைவே என்று மறுப்போர் உண்டு; அம்மறுப்பில் உண்மையும் உண்டு. ஆனால், தனித்தனியே வகுக்கப்பட்ட இருவகை விதிகள் இவ்வாறு கைகோக்கும் என்பதை வகுத்தவர் எவரும் திட்டமிடவில்லை. ஆதலின் இந்தப் பொருத்தத்தையேனும் கண்டெடுக்கப்பட்டது என்பதே நேர்மை.

சேஷாத்ரி 1989இல் தொடங்கிய நிறுவனம், சென்னை கணிதவியல் கழகம் என்னும் பெயரில், 2005 முதல் சிறுசேரியில் இயங்குகிறது. எண் எங்கே இருக்கிறது என்று ஒரு பிள்ளை கேட்டால், அக்கழகத்துக்கு அருகே வாழும் தென்சென்னைப் பெற்றோர் அதைத் தேர்வுக்கு உதவாத கேள்வி என்று தள்ளிவிடாதிருக்க வேண்டும்.