கண்ணறியும் பொறியும் கருத்துணர்த்தும் மொழியும்

(இராசபாளையம், திருவில்லிபுத்தூர்த் தமிழன்பர் கூட்டத்தில் ஆற்றப்பெற்ற உரை)



நீரிழிவு ஓசையின்றிக் கண்ணைக் கெடுக்கும் நோய். விழியின் உட்புறத்தே படர்ந்துள்ள விழித்திரையில் மயிரிழை போன்ற குருதிக் குழாய்கள் புடைக்கும், கசியும், அடைபடும். தொடக்கத்தில் வலியில்லை, பார்வையும் மங்குவதில்லை. மங்கியபின் வருவார்க்கு இழந்த ஒளி பெரும்பாலும் மீள்வதில்லை. ஆகவே, பார்வை நன்றாயுள்ளபோதே ஆண்டுக்கொருமுறை விழித்திரையைப் படமெடுத்து ஆய்தல் வேண்டும். நூற்பாலைகள் மலிந்த இராசபாளையத்திலும், பாலினிப்புக்குப் பெயர்பெற்ற திருவில்லிபுத்தூரிலும் நீரிழிவுற்றார் அனைவரையும் அங்ஙனம் ஆய்தற்குக் கண்மருத்துவர் எத்துணைப் பேர் வேண்டும்!

இக்குறையை நிரப்ப வந்ததே ஆழ்கற்றல் என்னும் கணிப்பொறி முறை. பொறிக்குப் படமென்பது எண்களின் நிரலே. அவ்வெண்கள் பல அடுக்குகளின் வழியே செல்கின்றன. முன்னடுக்குகள் கோட்டையும் விளிம்பையும் காணும். பின்னடுக்குகள் குழாயையும் கசிவையும் காணும். மருத்துவர் இட்ட தரத்தோடு பொறியின் விடை மாறுபடுமாயின், அடுக்குகளை இணைக்கும் எடையெண்கள் சிறிது திருத்தப்படும். மீண்டும் மீண்டும் இவ்வாறு திருத்தப்பெற்றே பொறி பயில்கிறது.

கூகுள் நிறுவன ஆய்வர் 2016-இல் வெளியிட்ட ஆய்வில் 1,28,175 விழித்திரைப் படங்கள் பயிற்சிக்கு உதவின. அமெரிக்கப் படங்களோடு, மதுரை அரவிந்து, சென்னை சங்கர நேத்திராலயா ஆகிய மருத்துவமனைகளின் படங்களும் அவற்றுள் இருந்தன. மருத்துவர் கோ. வேங்கடசாமி 1976-இல் 11 படுக்கைகளோடு தொடங்கியதே மதுரை அரவிந்து மருத்துவமனை. அவ்விரு மருத்துவமனைகளிலும் 3,049 நோயாளரிடம் நிகழ்த்திய ஆய்வின் முடிவு 2019-இல் வெளிவந்தது. மதுரையில், மருத்துவரிடம் அனுப்பத்தக்க அளவு நோய் முற்றியோருள் 100-க்கு ஏறத்தாழ 89 பேரைப் பொறி சரியாகக் கண்டது. அந்நிலை எய்தாதாருள் 100-க்கு 92 பேரைச் சரியாக விலக்கியது. தவறவிட்ட 11 பேரை எண்ணின், மருத்துவர் தேவை நீங்கவில்லை என்பது விளங்கும்.

தமிழர் விழிகள் பொறிக்குப் பாடமாயின. தமிழர் மொழி அதற்கு வேண்டாவோ? இங்கேதான் உயிரான வினா எழுகிறது. நோயைக் காண்பதோடு பொறியின் வேலை முடிகிறது. "எனக்குக் கண் நன்றாகத்தானே தெரிகிறது" என்னும் ஆலைத் தொழிலாளியை, ஒருநாட் கூலியை இழந்தேனும் மருத்துவரிடம் செல்லச் செய்வது எது? அவர் நெஞ்சிற் படும் சொல்லன்றோ? முடிவு ஆங்கிலச் சீட்டாக அவர் கைக்கு வருமாயின், அது சட்டைப்பையிலேயே உறங்கும், விழியோ இருளும்.

புதிய அறிவியலுக்குத் தமிழ் ஏலாதென்பார் உளர். 1847-இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் பயிற்றினார். மருத்துவ நூல்களைத் தமிழிற் பெயர்த்தார். அவற்றில் வடசொல் மிகுந்திருந்தது உண்மை. ஆயினும், அயலார் ஒருவர் அன்றே தொடங்கிய பணியைத் தமிழர் இன்று அரிதென்பது நாணத்தக்கது. விழித்திரை என்ற அளவில், விழிக்குள் ஒரு திரையென எழுத்தறியாப் பாட்டியும் உணர்வார். குருதிக்கசிவு என்றால் விளக்கவுரை வேண்டுமோ?

இராசபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியின் தறிகள் புண்ணுக்குக் கட்டும் மருத்துவத் துணியை நெய்கின்றன. புண்ணுக்குத் துணி நெய்யும் மண், நோயை உணர்த்தச் சொல் நெய்யாதோ? ஒவ்வொரு கண்ணாய்வு முடிவும் நோயாளியின் கையில் தமிழில் தரப்பெறுதல் வேண்டும். "உங்கள் விழித்திரையில் குருதி கசிகிறது, இம்மாதத்திற்குள் மருத்துவரைக் காண்க" என்னும் ஒரு வரி, ஒரு குடும்பத்தின் விளக்கைக் காக்கும். மருத்துவரும் பொறியறிஞரும் தமிழாசிரியரும் ஒருங்கே அமர்ந்து அவ்வரியை எழுதுக!

வாழ்க தமிழ்!