சிப்புக்குள் ஓர் எடைக்கல்



தராசு எவ்வளவு நல்லதாக இருந்தாலும் எடைக்கல் சரியில்லேன்னா நிறுத்து என்ன பிரயோஜனம்? சிப்புக்குள் அந்த எடைக்கல்தான் ரெஃபரன்ஸ் வோல்டேஜ். 12 பிட் ஏ.டி.சி.யில் ஒரு படி என்பது 4096-ல் ஒரு பங்கு. ரெஃபரன்ஸ் டிகிரிக்குப் பத்து லட்சத்தில் 20 பங்கு நகர்ந்தால், 50 டிகிரி வித்தியாசத்தில் 4 படி போய்விடும்.

இதற்கு வழி என்ன? டிரான்சிஸ்டரின் பேஸ்-எமிட்டர் வோல்டேஜ் சுமார் 0.65 வோல்ட். சூடு ஏற ஏற டிகிரிக்கு 2 மில்லிவோல்ட் குறையும். இரண்டு டிரான்சிஸ்டர்களை 1:8 மின்னோட்ட அடர்த்தியில் ஓட்டினால், அவற்றின் வித்தியாசம் அறை வெப்பத்தில் 54 மில்லிவோல்ட்; இது சூட்டோடு ஏறும். இதை ஏறக்குறைய 11 மடங்காக்கி முதலாவதோடு கூட்டினால் இறக்கமும் ஏற்றமும் சமமாகி, சுமார் 1.25 வோல்ட் அசையாமல் நிற்கும். சிலிக்கானின் பேண்ட்கேப்புக்கு நெருங்கிய எண் என்பதால் அதுவே பெயராயிற்று. 1964-ல் டேவிட் ஹில்பைபர் வெளியிட்ட யோசனை. 1971-ல் பாப் விட்லரும், 1974-ல் பால் புரோக்காவும் அதை ஐ.சி.க்கு ஏற்றபடி வளர்த்தார்கள்.

இப்போ பிரச்சினை பேட்டரி. 220 மில்லியாம்ப்-மணி கொண்ட பட்டன் செல்லில், ரெஃபரன்ஸ் மட்டும் 10 மைக்ரோஆம்ப் குடித்தால் இரண்டரை வருஷத்தில் செல் காலி! அதனால் மாஸ் டிரான்சிஸ்டரை த்ரெஷோல்டுக்குக் கீழே ஓட்டுகிறார்கள். 2009-ல் ஜப்பானிய ஆராய்ச்சியாளர்கள் 300 நானோவாட்டில் செய்தார்கள். 2012-ல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தார் இரண்டே டிரான்சிஸ்டரில் பிகோவாட் அளவுக்கு இறக்கினார்கள்.

ஆனால் சிக்கனத்துக்கும் விலை உண்டு, தம்பிகளே. மின்னோட்டம் குறைந்தால் ரெசிஸ்டர் பெரிதாகி இடத்தை அடைக்கும். லீக்கேஜ் ஏறக்குறைய 10 டிகிரிக்கு ஒருமுறை இரட்டிக்கும். 125 டிகிரியில் அதுவே உங்கள் மின்னோட்டத்தை விழுங்கலாம். இன்னொன்று: பேண்ட்கேப் சுற்றுக்கு ஓட்டமே இல்லாத பூஜ்ய நிலையும் ஒரு நிலைதான். உசுப்பிவிட ஸ்டார்ட்-அப் சுற்று இல்லேன்னா, அது அங்கேயே படுத்துக்கொள்ளும். சிமுலேஷனில் டி.சி. விடை சரியா வந்துடுச்சுன்னு விட்டுடாதீங்க. சப்ளையை மெதுவாகவும் வேகமாகவும் ஏற்றி, மைனஸ் 40 டிகிரியிலும் 125 டிகிரியிலும், எல்லா பிராசஸ் கார்னரிலும் எழுந்திருக்கிறதா என்று பாருங்கள்.

உலை ஏறிய சிப்பை அழித்து எழுத முடியாது. எடைக்கல்லை முதலில் சரிபாருங்கள், மற்றதெல்லாம் பிறகு.