பின்செல் பொத்தானும் வாசிகசாலைக் கணினியும்

வாசிகசாலைக் கணினியில், 2005இல் தொடங்கிய ‘நூலகம்’ தளத்திலே பழைய மலரொன்றைப் படித்துவிட்டுப் பின்செல் பொத்தானை அழுத்துகிறோம். முன்கண்ட பட்டியல் இமைப்பொழுதில் தோன்றுகின்றது. அது புதிதாக வந்ததன்று. உலாவி தன் நினைவகத்தில் வைத்திருந்த பக்கமே. பயர்பொக்ஸ் 1.5 இவ்வசதியை அதே 2005இல் தந்தது. நேரமும் செலவும் மிச்சம்.

ஆயின், வங்கிக் கணக்கைப் பார்த்து வெளியேறிய பின்னரும், ‘சேமியாதே’ என்று அத்தளம் கட்டளையிட்டிராவிடின், அடுத்து அமர்பவர் அதே பொத்தானை அழுத்தி நம் கணக்கைக் காணக்கூடும். வெளியேறுதல் படலையைச் சாத்துவது. சாளரத்தை மூடுதலே கதவைப் பூட்டுவது.

ஆதலின், பொதுக் கணினியில், பார்த்த சுவடுகளை வைத்திராத அந்தரங்கச் சாளரத்தையே பயன்படுத்துவோம். எழுமுன் அதனை மூடுவோமாக.